பொதிகை வளர்கிறதா, தேய்கிறதா?

பூமியைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்குமேல் "இதற்கும் புவித்தட்டு நகர்வதுதான் காரணமா?" என்று முடிகின்றன. பூமியின் மேற்பரப்பு பிரிந்து நிற்கும் பெரும் பாறைப் பலகைகளைத்தான் தட்டு என்கிறோம். சிலவற்றுக்கு ஆம். பலவற்றுக்கு இல்லை. கடலும் ஆறும் கல்குவாரியும் செய்த வேலையை, ஏன், மின்கம்பம் செய்த வேலையைக்கூட, தட்டின் தலையில் கட்டியிருக்கிறார்கள். எது யார் வேலை என்று பிரித்துச் சொல்கிறோம்.

இமயமலை இன்னும் வளர்கிறது என்கிறார்கள். நம் பொதிகையும் வளர்கிறதா? தட்டு நகர்கிறது என்றால் திருநெல்வேலியும் நகர்கிறதா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். நகர்கிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காகப் போகிறது. 20 வருஷத்துக்கு முன் பாளையங்கோட்டையில் கட்டிய வீடு இன்று ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறது. பக்கத்து வீடும் தெருவும் ஆறும் கூடவே நகர்ந்துவிட்டதால் பட்டாவில் வம்பு வராது.

வளர்வது வேறு கணக்கு. இந்தியத் தட்டு ஆசியாவோடு முட்டத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. முட்டுகிற விளிம்பில் பாறை மடிந்து, உடைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. அதுதான் இமயம். பொதிகையிலிருந்து அந்த விளிம்பு 2,000 கி.மீ.க்கு அப்பால். நாம் தட்டின் நடுப்பகுதியில் இருக்கிறோம். இங்கே முட்டலும் இல்லை, மடிப்பும் இல்லை.

அப்படியானால் 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலை எப்படி வந்தது? மேற்குத் தொடர்ச்சி மலை மோதலில் எழுந்தது அல்ல, பிரிவில் எழுந்தது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவின் மேற்கு ஓரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. பிய்ந்த ஓரம் மேலே தூக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு மழையும் ஆறுகளும் அதைச் செதுக்கிக்கொண்டே இருக்கின்றன.

பாறையின் வயதையும் மலையின் வயதையும் பலர் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். மலை ஓரம் தூக்கியது 9 கோடி ஆண்டுக் கதை. பாறை அதைவிட மிக மூத்தது. அம்பாசமுத்திரம், கடையம் பக்கம் ஜல்லி உடைக்கும் இடத்தில் புதிதாகப் பிளந்த கல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சாம்பலில் நீலம் கலந்த நிறம், எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு. அது சார்னோக்கைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் கல்லறையின் மேல் கிடக்கும் கல்லை வைத்து அந்தப் பெயர் வந்தது. அந்தக் கல்லே சென்னைப் பக்கம் பல்லாவரத்து வகைக் கல்தான். இது தரையில் உருவாகக்கூடிய பாறை அல்ல. ஏறக்குறைய 20 கி.மீ. ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், அழுத்தத்தில் வெந்தது. நம் பகுதிப் பாறைகள் அப்படிக் கடைசியாக வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது. அன்று 20 கி.மீ. அடியில் இருந்த கல் இன்று கைக்கு எட்டுகிறது என்றால், மேலே இருந்த 20 கி.மீ. பாறையும் கரைந்து கடலுக்குப் போய்விட்டது.

அவ்வளவு கரைந்தும் மலை ஏன் தரைமட்டமாகவில்லை? மூட்டை இறக்கிய தோணி தண்ணீரில் மேலெழும்பும் அல்லவா, அதேதான். மேலோட்டுப் பாறையின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 2.7 மடங்கு, அதற்கு அடியிலிருக்கும் மேன்டில் என்ற அடுக்கின் பாறை 3.3 மடங்கு. 100 மீட்டர் கனத்துக்குப் பாறை அரித்துப் போனால், பாரம் குறைந்த நிலம் காலப்போக்கில் 80 மீட்டர் அளவுக்கு மேலே வரும். பொதிகை தேய்கிறது, தேய்வதால் எழும்புகிறது, எழும்புவது தேய்வதைவிடக் கொஞ்சம் குறைவு. இமயம் வளர்வதோடு இதை ஒப்பிட முடியாது.

செங்கோட்டையில் மட்டும் மலைத்தொடர் ஏன் விட்டுக்கொடுத்து வழி விடுகிறது?
– வாசகி, தென்காசி

அங்கே பாறைக்கு ஒரு பழைய தழும்பு இருக்கிறது. அச்சன்கோவில் பெயர்ச்சி மண்டலம் என்று சொல்வார்கள். கேரளத்திலிருந்து வடமேற்கு–தென்கிழக்காக வந்து தென்காசிப் பக்கம் நுழைகிறது. கோண்டுவானா ஒன்றுசேர்ந்த காலத்தில் மதுரைப் பக்கத்துப் பாறைத் திட்டும் திருவனந்தபுரம் பக்கத்துப் பாறைத் திட்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்ந்த இடம் இது. ஆழத்தில் சூடாக இருந்தபோது உரசியதால், கண்ணாடிபோல் உடையாமல் மிட்டாய்ப் பாகு மாதிரி இழுபட்டது. மலைப்பாதையில் சாலைக்காக வெட்டிய பாறை முகத்தில் படிகங்கள் ஒரே திசையில் நீண்டு கோடு கோடாகத் தெரிந்தால், அதுதான் இழுபட்ட அடையாளம். மடகாஸ்கரிலும் இதற்கு இணையாக ஒரு மண்டலம் இருக்கிறது. இரண்டையும் பொருத்தித்தான் அந்தக் காலத்தில் எது எதோடு ஒட்டியிருந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

இழுபட்ட பாறையில் தண்ணீர் சுலபமாக நுழையும், சீக்கிரம் மக்கும். ஆறுகள் அந்தப் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு குடைந்தன. அப்படித் தாழ்ந்த இடத்தில்தான் பிறகு புனலூர் ரயில் பாதையும் போனது; ஆனி ஆடியில் சாரலைத் தென்காசிக்குத் தள்ளும் காற்றும் அதே வாசலில்தான் வருகிறது. வழியைக் குறித்துக் கொடுத்தது தட்டு, வெட்டியது தண்ணீர்.

ராத்திரி பத்து மணிக்கு 'தும்'மென்று ஒரு சத்தம். அலமாரிப் பாத்திரம் குலுங்கியது. நிலநடுக்கமா, குவாரி வெடியா? அணை இருப்பதால் இப்படி வருமா?
– வாசகர், ஆழ்வார்குறிச்சி

அடுத்த முறை வந்தால் ஒன்று, இரண்டு என்று நொடி எண்ணுங்கள். இதைவிடப் பெரிய கருவி வீட்டில் தேவையில்லை.

குவாரி வெடியில் தரை அதிர்ச்சி முந்தும். காற்றில் வரும் சத்தம் பிந்தும். காற்றில் சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். காலுக்கடியில் உதைத்து ஐந்து நொடி கழித்து ஜன்னல் சடசடத்தால், வெடித்த இடம் ஏறக்குறைய 1.7 கி.மீ. தூரம். நில அதிர்வில் இப்படிக் காற்றுச் சத்தம் தனியாகப் பின்னால் வராது. உறுமல் இருந்தால் அதிர்வோடு சேர்ந்தே வரும், அல்லது துளி முந்தும்.

நில அதிர்வில் இரண்டு அலைகள். முதல் அலை நொடிக்கு 6 கி.மீ. அளவில் வரும், குட்டியாக ஒரு குத்து. இரண்டாவது 3.5 கி.மீ. வேகத்தில் வரும்; பக்கவாட்டில் ஆட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நொடிகளை எட்டால் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். மூன்று நொடி என்றால் 24 கி.மீ. இடைவெளியே தெரியாமல் ஒரே குத்தாக இருந்தால், அதிர்வு உங்களுக்கு மிகப் பக்கத்தில், சிறியது.

சத்தம் கேட்ட மணி, நிமிஷம், எந்த அறை, தொங்கும் விளக்கு ஆடியதா, படுத்திருந்தவருக்குத் தெரிந்ததா, நின்றவருக்குத் தெரிந்ததா என்று எழுதி வைத்துக்கொண்டு தேசிய நில அதிர்வு மையத்தின் பூகம்ப் செயலியில் பாருங்கள். அங்கே பதிவு இல்லை என்பதாலேயே அதிர்வு இல்லை என்று ஆகாது. மிகச் சிறியவை பட்டியலுக்கு வருவதில்லை.

அணையால் அதிர்வு வருவது உண்மை. 1967 டிசம்பர் 11-ல் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பக்கம் வந்த 6.3 அளவு நடுக்கம் அதற்கு உலகமே காட்டும் உதாரணம். தண்ணீரின் எடை மட்டும் காரணம் அல்ல. பழைய வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி, பிடிப்பைத் தளர்த்துவதுதான் பெரிய காரணம். நல்ல மழைக்குப் பிறகு அணையே இல்லாத இடத்திலும் குட்டி அதிர்வு வருவது இதனால்தான். ஆனால் ஏற்கெனவே இறுகி நிற்கும் பிளவு இருந்தால்தான் தண்ணீர் அதைத் தூண்டிவிட முடியும். அணை தென்படுகிறது என்பதற்காக ஒவ்வொரு சத்தத்தையும் அதன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

நம் பகுதி நிலநடுக்கம் குறைந்த மண்டலம்தானே? வீடு கட்டுகிறோம், தனியாக ஏதும் செய்ய வேண்டுமா?
– வாசகர், ஆலங்குளம்

2002-ல் வந்த வரைபடப்படி நெல்லைச் சீமையின் பெரும்பகுதி இரண்டாம் மண்டலம், அதாவது குறைந்த ஆபத்து. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் மூன்றாம் மண்டலம். தட்டின் நடுவிலும் நடுக்கம் வரும் என்பதற்கு 1900 பிப்ரவரி 8 கோயம்புத்தூர் நடுக்கம் சாட்சி. அளவு சுமார் 6.

செங்கல் சுவர் வீடு என்றால் ஒன்றை மட்டும் விடாதீர்கள். லிண்டல் கான்கிரீட்டை ஜன்னல் தலைக்கு மட்டும் துண்டு துண்டாகப் போடாமல், உள்சுவர் வெளிச்சுவர் எல்லாவற்றிலும் தொடர்ச்சியாக, பெல்ட் மாதிரி ஓட்டுங்கள். குறைந்தது 75 மி.மீ. கனம், இரண்டு 10 மி.மீ. கம்பி, 150 மி.மீ.க்கு ஒரு 6 மி.மீ. ரிங். மூலையில் கம்பியை வெட்டி நிறுத்தக்கூடாது. வளைத்து அடுத்த சுவருக்குள் கொண்டுபோக வேண்டும். கொத்தனார்கள் சோம்பல்படுவது இந்த மூலையில்தான். நடுக்கத்தில் சுவர்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து விழத் தொடங்குவதும் அதே மூலையில்தான்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தட்டு மோதலைச் செய்து காட்ட வேண்டும். களிமண்ணில் செய்தால் வெறும் மேடுதான் வருகிறது.
– ஆசிரியை, பாளையங்கோட்டை

களிமண்ணை விடுங்கள் அம்மா, காய்ந்த மணல்தான் சரி. மேலோட்டுப் பாறை உடைகிற விதமும் காய்ந்த மணல் உடைகிற விதமும் ஒத்துப்போகும்.

40 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலமுள்ள ஒளி புகும் பிளாஸ்டிக் பெட்டி அல்லது சின்ன மீன்தொட்டி. அகலத்துக்குச் சரியாக வெட்டிய ஒட்டுப்பலகை ஒன்று. மணல் ஒழுகாமலிருக்க ஓரத்தில் துணி ஒட்டிக்கொள்ளுங்கள். சலித்த மணல் இரண்டேகால் கிலோ போதும். நம் ஊருக்கு இதில் ஒரு வசதி: பாதிக்குத் தேரிக்காட்டுச் செம்மணல், பாதிக்கு வெளிர் ஆற்று மணல் எடுத்தால் சாயமே வேண்டாம். இரண்டையும் இரும்புச் சட்டியில் பத்து நிமிஷம் வறுத்து முழுதாக ஆறவிடுங்கள். பெட்டியின் உட்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டால் மணல் கண்ணாடியில் ஒட்டாது.

பலகையை ஒரு முனையில் நிறுத்தி, செம்மணல், வெண்மணல் என்று மாற்றி மாற்றி அரை செ.மீ. கனத்தில் ஆறு அடுக்கு. டீ வடிகட்டியில் அள்ளித் தாழ்வாகத் தூவுங்கள். கையால் அமுக்கிச் சமப்படுத்த வேண்டாம், அட்டையால் இழுத்துவிட்டால் போதும். பிறகு பலகையை மெதுவாகத் தள்ளுங்கள். ஒரு செ.மீ. தள்ளி நிறுத்தி, பக்கவாட்டில் பார்த்து வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். முதலில் பலகையை ஒட்டிச் சாய்வாக ஒரு வெட்டு, தரைக்குச் சுமார் 30 டிகிரியில் தெரியும். செங்கோடு ஒன்று இன்னொன்றின்மேல் ஏறியிருக்கும். இன்னும் இரண்டு மூன்று செ.மீ. தள்ளினால் அந்த வெட்டு ஓய்ந்து, அதற்கு முன்னால் புதிதாக ஒன்று பிறக்கும்.

இங்கேதான் பாடம் இருக்கிறது. பலகை இருக்கும் பக்கத்தைத் திபெத் என்று எழுதி ஒட்டுங்கள். பாறை ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இப்படிப்பட்ட வெட்டுக்கு த்ரஸ்ட் என்று பெயர். இமயத்திலும் வடக்கே மெயின் சென்ட்ரல் த்ரஸ்ட், அதற்குத் தெற்கே மெயின் பவுண்டரி த்ரஸ்ட், எல்லாவற்றுக்கும் தெற்கே மெயின் ஃப்ரண்டல் த்ரஸ்ட் என்று இதே வரிசையில்தான் உடைந்தது. அடுத்து பலகையைப் பின்னுக்கு இழுத்தால் மணல் செங்குத்தாகச் சரிந்து பள்ளம் விழும். மடகாஸ்கர் பிரிந்த கதைக்கு அது போதும்.

கெட்டுப்போனால் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும்: மணலில் ஈரம் இருந்தால் கட்டியாகப் பெயரும், வேகமாகத் தள்ளினால் வெறும் குவியல், கோடு தெளிவாகத் தெரியட்டும் என்று நடுவில் மைதா போட்டு அது ஒரு மி.மீ.க்கு மேல் போனால், மாவு பலகைபோல் பிடித்துக்கொண்டு விரிசல்விடும்.

ஒரு வேண்டுகோள். தட்டுகள் குழம்பில் மிதக்கின்றன என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். மேன்டில் திடப்பொருள்தான், கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல வழியும் திடப்பொருள். சாலை போடும் தாரைக் காலைக் குளிரில் சுத்தியலால் அடித்தால் தெறிக்கும். அதே தார்க்கட்டி டப்பாவோடு சாய்ந்து கிடந்தால் ஒரு வாரத்தில் வழிந்திருக்கும். அதைக் காட்டுங்கள். தட்டை இழுக்கும் பெரிய விசையும் அடியில் கொதிப்பது அல்ல; குளிர்ந்து கனத்த கடல்தட்டு வேறொரு தட்டின் அடியில் மூழ்கும்போது, தன் வாலையும் சேர்த்து இழுப்பதுதான்.

அமாவாசை, பௌர்ணமிக்குத் திருச்செந்தூரில் கடல் உள்வாங்குகிறது. கடலடித் தட்டு அசைவதாலா? சுனாமி வருமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, ஆறுமுகநேரி

தட்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. அது நிலாவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் பெரிய வற்று. சாய்வு குறைந்த கரையில் நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலே பாறைகள் வெளியே தெரியும்.

வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. வற்று ஆறு மணி நேரம் எடுத்து மெல்ல இறங்கும். சுனாமிக்கு முன் கடல் சில நிமிஷங்களில் விலகும். அப்படி விலகினால் வேடிக்கை பார்க்காமல், மீன் பொறுக்காமல், மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 காலை 6.28-க்குச் சுமத்ராப் பக்கம் இந்தியத் தட்டு அடியில் நுழையும் விளிம்பு சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு உடைந்தது. 4,000 மீட்டர் ஆழக் கடலில் அலை மணிக்கு 700 கி.மீ.க்கு மேல் ஓடும். 10 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் வேகம் 36 கி.மீ. ஆகிவிடும், அதற்குப் பதிலாக உயரம் ஏறும். அன்று தூத்துக்குடிக்கு முன்னால் இலங்கை தடுத்து நின்றது. அதைச் சுற்றி வளைந்த அலை குளச்சலையும் கீழ்மணக்குடியையும் அடித்தது. எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்குகிறது.

கொற்கைத் துறைமுகம் ஊருக்குள் போனதும் குமரிக்கண்டம் கடலுக்குள் போனதும் தட்டு நகர்வால்தானே?
– வாசகர், ஏரல்

கொற்கை விஷயத்தில் குற்றவாளி தாமிரபரணி. கொண்டுவந்த வண்டலை வாயிலேயே கொட்டிக் கொட்டிக் கரையைக் கிழக்கே தள்ளிவிட்டது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் சற்று உயர்ந்திருந்த கடல்மட்டம் பிறகு இறங்கியதும் துணை செய்தது. இதில் தட்டுக்கு வேலையே இல்லை.

குமரிக்கண்டம் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இருந்தாலும் சொல்ல வேண்டும். கண்டத்துப் பாறை 35, 40 கி.மீ. கனம்; அடியிலிருப்பதைவிட லேசு. கட்டையைத் தண்ணீரில் அமுக்கினால் மூழ்கியே கிடக்காது. ஒரு பெருங்கண்டம் சில ஆயிரம் ஆண்டுகளில் அடியோடு போக வழியில்லை. குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற சொல்லை 1864-ல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் உண்டாக்கியதும், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே வகை விலங்குகள் எப்படி என்று விளக்கத்தான். இரண்டு நிலமும் ஒட்டியிருந்து பிரிந்தன என்று தெரிந்த பிறகு நடுவில் கண்டம் தேவைப்படவில்லை.

ஆனால் நிலம் கடலில் போனது உண்மை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். குமரிக்குத் தெற்கே நம் மீனவர்கள் வலை வீசும் வாட்ஜ் கரை அன்று தரை. பனி உருகி அதைக் கடல் மூடியது. தேடுகிறவர்கள் கண்டத்தைத் தேடாமல் அந்த மேட்டைத் தேடினால் ஏதாவது கிடைக்கலாம்.

உவரிக் கரையில் அலை ஒதுக்கும் கருப்பும் சிவப்புமான மணல் எரிமலைச் சாம்பலா?
– மாணவர், திசையன்விளை

இல்லை தம்பி. நம் மலைப்பாறையே பொடியாகி வந்தது. இளஞ்சிவப்பு மணி கார்னெட். கருப்பு பெரும்பாலும் இல்மனைட். கார்னெட் அடர்த்தி சுமார் 4, இல்மனைட் 4.7, சாதா வெண்மணல் 2.65. அலை திரும்பும்போது லேசானதை இழுத்துப்போகும், கனமானதை விட்டுப்போகும். அதனால்தான் பட்டை பட்டையாக ஒதுங்குகிறது.

ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் பரப்பி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தடவு. குபீரென்று ஒட்டுவது மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். ஹார்ட் டிஸ்கில் கழற்றிய காந்தம் என்றால் இல்மனைட்டும் வரும், கார்னெட்கூடச் சற்று நகரும். உறை போட மறந்தால் காந்தத்திலிருந்து பிரித்தெடுக்கப் பாதி நாள் ஆகும். கார்னெட் ஆழத்து அழுத்தத்தில் விளையும் கனிமம். முதல் பதிலில் சொன்ன 20 கி.மீ.க்கு உன் கையிலிருக்கும் சாட்சி. சிட்டிகை போதும், கடற்கரைக் கனிமத்தை அள்ளுவதற்குச் சட்டம் கடுமை.

அபிஷேகப்பட்டிப் பக்கம் முன்பு மின்கம்பத்தடியில் பாறை உருகி வழிந்தது என்பார்கள். அடியில் எரிமலை இருக்கிறதா?
– வாசகர், மானூர்

எரிமலைக்குத் தட்டின் விளிம்போ, அடியிலிருந்து எழும் தனிச் சூட்டு ஊற்றோ வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. சுமார் 40 கி.மீ. கனமுள்ள, ஆறிப்போன மேலோடுதான் இருக்கிறது. எரிமலைக்கு மின்கம்பமும் தேவையில்லை. உருகல் எப்போதும் கம்பத்தடியில் மட்டும் வருவதே விடை சொல்லிவிடுகிறது: உயரழுத்த மின்சாரம் கம்பம் வழியாக மண்ணில் கசிந்தால், தடையுள்ள பாறை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறி உருகி, ஆறியதும் கருங்கண்ணாடி போல் நிற்கும்.

அப்படிப் புகையோ ஒளியோ கண்டால் கல்லை எடுக்கக் கிட்டே போகாதீர்கள். சுற்றியுள்ள தரையிலேயே மின்னழுத்தம் இருக்கும். இரண்டு காலை அகட்டி வைத்தால் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கும். ஏற்கெனவே பக்கத்தில் நின்றால், பாதங்களை ஒட்டி வைத்துத் தரையிலிருந்து தூக்காமல் தேய்த்துத் தேய்த்துப் பின்வாங்கி, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். லைனை நிறுத்திய பிறகு கல்லைப் பார்த்துக்கொள்ளலாம்.